மனுமினாவின் வலது காது

படிவத்தில் முதல் கேள்வி:
வீட்டில் எத்தனை பேர் உறங்குகிறீர்கள்?
ஏழு, என்றேன்.
நாய் குட்டி போட்ட வாரத்தில் பதினொன்று.
தோரா சிரிக்கவில்லை. ஏழு என்று எழுதினாள்.

யார் புகைப்பது?
அவர். அவர் தம்பி.
மீன் ஆலையில் இரண்டு ஷிப்ட் பார்த்த நாளில் நானும்.

கை கழுவ?
பனிப்பாறை வெட்டிச் சறுக்குவண்டியில் இழுத்து வந்து
உருக்குகிறோம். ஒரு பேசின். ஏழு பேர்.
கடைசியில் கழுவுகிறவள் கடைக்குட்டி.

தாய்ப்பால்?
ஐந்து மாதம்.
ஆறாவதில் கடல் உறைந்தது,
ஹாலிபட் ஏறி வந்தது,
ஆலையில் ஆள் கேட்டார்கள்.

ஒவ்வொரு பதிலும் எடைக்கல்லாய்
என் தட்டில் விழுந்தது.
மறு தட்டில் ஒரு காது:
நகத்தைவிடச் சிறிய சவ்வு,
அதில் ஓர் ஓட்டை,
அங்கிருந்து தாடை வரை ஒரு மஞ்சள் கோடு.

"முகம் சுளிக்காதே" என்றாள் தோரா
பஞ்சைத் திரித்தபடி.
"இது அழுக்கில்லை. கிருமியை விழுங்கி விழுங்கிச்
செத்துப்போன வெள்ளணுக்கள்.
உன் மகள் உடம்பு சும்மா இருக்கவில்லை."

பாலர் பள்ளியில் சொன்னார்கள்:
சொல்பேச்சு கேட்க மாட்டேன் என்கிறாள்.
உண்மைதான்.
கேட்கவில்லை.

இரவு துடைத்தேன். ஒரு பஞ்சு, இன்னொன்று, நான்காவது.
யார் பெற்ற பிள்ளைகள் இவர்கள்,
நாலு வயது உடம்புக்குள் படையாய்ப் பிறந்து
பெயர் வைக்குமுன் மடிந்து
வாளிக்குப் போகிறவர்கள்?
அந்த ஐந்து மாதத்தில்
நான் ஊட்டிய ஏதோவொன்றும்
ஒரு காலத்தில் இவர்களோடு நின்றிருக்கும்.
அதற்குப் படிவத்தில் கட்டம் இல்லை.

அவர் எதுவும் சொல்லவில்லை.
சீல்தோல் அங்கியை மாட்டிக்கொண்டு
சிகரெட்டோடு வெளியே போனார், மைனஸ் இருபத்தெட்டில்.
பின்னாலேயே தம்பி.
ஜன்னலில் இரண்டு சிவப்புப் புள்ளிகள்,
ஒன்று அடிக்கடி நடுங்கியது.

இரண்டாவது பேசின் வாங்கினேன்.
பேசின் இரண்டானால் பனிக்கட்டி இரண்டாகாது,
அதையும் சொல்லிவிடுகிறேன்.
இப்போது முதலில் கழுவுகிறவள் அவள்.

பதினோராம் இரவு என்னை உலுக்கி எழுப்பினாள்,
கோபமாக.
எப்போதும்போல் நல்ல காதைத் தலையணைக்குள் புதைத்துத்தான்
படுத்திருந்தாள்.
"இந்த நாய்கள் ஏன் இப்படிக் கத்துகின்றன?"

என் கண்ணே, அவை நீ பிறந்த நாளிலிருந்து
கத்திக்கொண்டுதான் இருக்கின்றன.

விளக்கைப் போடாமல்
காதோரம் விரலால் தடவிப் பார்த்தேன்.
உலர்ந்திருந்தது.
இன்றைக்கு.