பாதிக் கோர்ட்டில் நெல்

அடைமழை மூன்று நாள் விட்டதில்
கொள்முதல் நிலையத்து வாசல் போதாமல்
எங்கள் கல்லூரிக் கோர்ட்டில் பாதி
நெல் காய்கிறது. முதல்வரின் வாய்மொழி அனுமதி.
மீதிப் பாதியில் நாங்கள் ஏழு பேர்,
ஒரே வளையம், வலை அறுந்துபோனது.
பந்து தப்பி நெல்லுக்குள் உருண்டால்
ஷூவைக் கழற்றிவிட்டுத்தான் எடுக்கப் போகணும்.
யாரும் சொல்லவில்லை. நாங்களே போட்ட சட்டம்.
ரபியத்துக்கு மட்டும் லேஸ் அவிழ்க்கச் சோம்பல்,
ஓரமாய்க் குப்புறப் படுத்துக் கையை நீட்டுவாள்.

நெல்லுக்கு ஈரப்பதம் பதினேழைத் தாண்டக் கூடாது.
எங்களுக்கு வருகை எழுபத்தைந்துக்குக் குறையக் கூடாது.
அப்பாவின் மூட்டைகள் இருபத்தொன்றில் நிற்கின்றன,
நான் அறுபத்தொன்பது புள்ளி நாலில்.
வீட்டில் இரண்டு பேரும் எண்களைப் பேசுவதில்லை.
சாப்பிடும்போது மேகத்தைப் பற்றிப் பேசிக்கொள்கிறோம்.

ஓ.டி. படிவத்துக்கு நாலு கையெழுத்து.
மூன்று வாங்கியாயிற்று.
நிர்மலகுமாரி மேடம் பேனா மூடியைத் திறக்காமல் கேட்டார்:
"வியாழக்கிழமை மாடல் ப்ராக்டிகல். தெரியுமில்ல?"
தெரியும் மேடம்.
"மேட்ச்?"
அதுவும் வியாழன்தான். திருச்சியில்.
"ஜெயிச்சா?"
வெள்ளியும்.
"தோத்தா?"
ராத்திரியே வந்துருவேன் மேடம்.
சிரித்தாரா தெரியவில்லை.
கண்ணாடியில் மின்விசிறிதான் சுற்றியது.

புதன் சாயங்காலம் ஐந்தரைக்கு
லேப்பில் நான் ஒருத்தி. வாசலில்
சாவிக்கொத்தோடு அட்டெண்டர் மருதையன்,
நாகூர் பஸ்ஸை விட்டுவிட்டு.
ப்யூரெட்டில் பர்மாங்கனேட், கத்தரிப்பூ நிறத்தில்.
கடைசிச் சொட்டு வெளிர் ரோஜா காட்டியதும்
நிறுத்தணும், அவ்வளவுதான் வேலை.
காலையில் இருநூறு ஷாட் போட்ட மணிக்கட்டு
முடிக்கும்போது மடங்கிப் பழகிய மணிக்கட்டு
குழாயை ஒரு சுற்றுக் கூடத் திறந்துவிட்டது.
குடுவை முழுக்க ரத்தச் சிவப்பு.
மறுபடி. மறுபடியும் அதே சிவப்பு.
கோர்ட்டில் என்னைக் காப்பாற்றுகிற கை
இங்கே என் பேச்சைக் கேட்கவில்லை.
மூன்றாவது தடவை இடது கையால் திருகினேன்.
பதினெட்டு புள்ளி இரண்டு.
"வந்துருச்சா?" என்றார் மருதையன்.
லைட்டை அணைத்துவிட்டே பதிலைக் கேட்டார்.

திருச்சி ஆட்டத்தைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை.
அவர்களிடம் மரத்தரை, ஆளுக்கு இரண்டு ஜெர்சி,
முழுக் கோர்ட்.
பாதியிலேயே ஓடிப் பழகிய எங்களுக்கு
நடுக்கோட்டைத் தாண்டினால் மூச்சு வாங்கியது.
ரபியத்து நாலாவது ஃபவுலில் உட்கார்ந்தாள்.
மூன்று புள்ளியில் தோற்றோம்.
அதில் இரண்டு, நான் விட்ட ஃப்ரீ த்ரோ.

திரும்பும் வழியில் நீடாமங்கலம் கேட் அடைத்திருந்தது.
அடைத்தால் தெரியும்தானே,
ஒரு சரக்கு ரயில், பிறகு எஞ்சின் மாற்றம்,
பிறகு காரணமே இல்லாமல் கொஞ்ச நேரம்.
வேன் விளக்கில் ஜெனோவா ரெக்கார்டு எழுதினாள்,
பக்கத்துக்கு ஒரு பிழை.
பின்சீட்டில் யாரோ கரிம வேதியியலைத்
தூக்கத்தில் முணுமுணுத்தார்கள்.
உடற்கல்வி மேடம் இறங்கிப்போய்
எட்டுப் பொட்டலம் வேர்க்கடலை வாங்கிவந்தார்,
தோல்வியைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.
ரபியத்து தண்டவாளத்தோரம்
பந்தைத் தட்டிக்கொண்டே இருந்தாள்.
லாரிக்காரர் ஒருவர் ஹாரன் அடித்துத் தாளம் போட்டார்.

அப்பா அழைத்தார்.
ஜெயித்தியா என்று கேட்கவில்லை.
"அங்க தூறுதா?"
இல்லப்பா.
"இங்க ரெண்டு சொட்டு விழுந்துச்சு.
படுதா போட்டாச்சு உங்க கோர்ட்டுல."
கொஞ்சம் நிறுத்தினார்.
"பதினெட்டுக்கு வந்துருக்கு."
இத்தனை நாளில் அவர் சொன்ன முதல் எண்.
நாங்க மூணுல தோத்தோம்பா என்றேன்.
"மூணுதானா" என்றார்,
ஈரம் பார்க்கும் மெஷினைக் கையில் வாங்கியவர்போல.

சரக்கு ரயில் வந்தது. எண்ண ஆரம்பித்தேன்,
நாற்பத்திரண்டு பெட்டி வரை.
அதன்பின் முன்கண்ணாடியில்
முதல் சொட்டு.
டிரைவர் வைப்பரைப் போடவில்லை,
இன்னும் ஒன்று விழட்டும் என்று பார்த்திருந்தார்.