பூர்த்தி செய்த ஆண்டுகள்

கிட்வே, சிசோகோனே சந்தை. காலை எட்டு.
ஒரு படிவம் முடித்தால் முப்பது குவாச்சா எனக்கு,
பாதியில் எழுந்து போய்விட்டால் பூஜ்யம்.
அதனால்தான் தக்காளிப் பெட்டியின் விளிம்பில்
ஆணி குத்துவதைப் பொறுத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன்.

கேள்வி பதினொன்று:
பள்ளியில் பூர்த்தி செய்த ஆண்டுகள் எத்தனை?

கடோங்கோ சிரிக்கிறாள்.
"ஏழாம் வகுப்பை மூன்று தடவை படித்தேன்.
அது மூன்றா, ஒன்றா?"
ஒன்று என்கிறது கையேடு.
"முதல் தடவை கட்டணம் பாக்கி.
அடுத்த தடவை பரீட்சையன்று அம்மாவுக்கு மலேரியா.
மூன்றாவதில் பாஸ். அதற்குள்
பெஞ்சுக்கும் என் முழங்காலுக்கும் ஒத்துவரவில்லை."
ஏழு என்று அழுத்துகிறேன்.
திரை பச்சையாகி ஏற்றுக்கொள்கிறது.

"தம்பிக்கு நான் கட்டின ஒன்பது வருஷம்?
அதை எங்கே போடுவாய்?"
மேலே தேடுகிறேன், கீழே தேடுகிறேன்.
படித்தவருக்குக் கட்டம் உண்டு.
படிக்க வைத்தவருக்கு இல்லை.

அந்தத் தம்பி, சிஷிம்பா,
சைக்கிளில் இரண்டு பெட்டி கட்டி உருட்டிக்கொண்டு வருகிறான்.
பதினாறு ஆண்டுகள். கணக்கு வாத்தியார் சான்றிதழ்.
ஐந்து வருஷமாகப் பணி நியமனப் பட்டியலில்
தன் பெயரைத் தேடுகிறான்,
அகர வரிசை ஒருமுறையாவது பிசகியிருக்கும் என்பது போல.
அக்கா கொடுக்கும் தினக்கூலி எழுபது.
அவனும் ஒரு படிவம். எனக்கு இன்னொரு முப்பது.

கேள்வி இருபத்தாறு: மாத வருமானம்.
கடோங்கோ தம்பியைப் பார்க்கிறாள்.
"மழைக்காலம் வேறு, குளிர்காலம் வேறு" என்கிறான்.
"சராசரி ஐயாயிரத்து நானூறு.
போன வருஷம் மூவாயிரம்."

நடுவில் என்ன நடந்தது?
ம்குஷியிலிருந்து வரும் லாரிக்காரன்
பெட்டிக்கு அடியில் வைக்கோல் திணித்து விற்றதை
மூன்று வாரம் எடை போட்டு நோட்டில் ஏற்றி
சந்தை நடுவே வாசித்துக் காட்டினான் இவன்.
அன்றிலிருந்து லாரிக்காரன்
கடோங்கோவுக்கு மட்டும் நிறைந்த பெட்டி இறக்குகிறான்.

லாபம் அவள் வரியில் ஏறிவிட்டது.
கணக்குத் தெரிந்தவன் வரியில் எழுபது குவாச்சா.

லுசாகாவில் குளிரூட்டிய அறையில்
யாரோ இரண்டு புள்ளிகளைப் பார்ப்பார்:
ஏழு ஆண்டு, உயரத்தில்.
பதினாறு ஆண்டு, தரையோடு.
ஆயிரம் புள்ளிகளுக்கு ஊடே ஒரு கோடு
மெல்ல மேலேறிப் போகும்.
கோடு பொய் சொல்லாது. நானும் நம்புகிறேன்,
என் பட்டத்துக்குக் கடன் வாங்கியதே
அந்தக் கோட்டை நம்பித்தான்.
ஆனால் இவர்கள் இருவரையும் தொடாமல் அது போகும்.
தொடாத தூரத்துக்கு ஒரு பெயர் வைத்திருக்கிறார்கள்:
பிழை.

"உனக்கு எத்தனை ஆண்டு?" கடோங்கோ கேட்கிறாள்.
பதினேழு.
"ஒரு நாளைக்கு எத்தனை படிவம்?"
நாலு. நல்ல நாளில் ஐந்து.
சிஷிம்பா வாய்க்குள் பெருக்கி
மினிபஸ் கட்டணத்தைக் கழித்துவிட்டு
ஒன்றும் சொல்லாமல் சைக்கிளைத் திருப்புகிறான்.

அடிபடாததாகப் பார்த்து நான்கு தக்காளி
என் பைக்குள் போடுகிறாள்.
காசை நீட்டினேன். வாங்கவில்லை.
"ஒன்பதாவது பரீட்சை எழுதப் போகிறேன்.
கடை மூடின பிறகு இவன்தான் பாடம் எடுக்கிறான்.
அடுத்த வருஷம் வரும்போது
அந்த ஏழை மாற்றிக்கொள்."

அடுத்த வருஷம் வேறு ஊர், வேறு சந்தை,
கணினி குலுக்கிப் போடும் வேறு பெயர்கள்.

சரி என்று தலையாட்டினேன்.