கறள் கணக்கு

மாதக் கடைசிக்குள் வீட்டை விட வேண்டும்.
மிஸிஸ் டேவிட்பிள்ளை நேற்று வந்து
வாய் திறக்காமல் சுட்டுவிரலால்
ஒன்று, இரண்டு, மூன்று என்று
எண்ணிவிட்டுப் போனார்.
ஆறு மாத அட்வான்ஸ் அவர் கைப்பைக்குள்.
கறள் எங்கள் கணக்கில்.

ஹம்டன் லேன், மூன்றாம் மாடி.
தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம் கடல்
இராப்பகலாய் உப்பைத் துப்பிக்கொண்டிருக்கிறது.
இங்கே பூட்டு ஒரு வருடம் தாங்காது.
சேலையில் மறந்து விட்ட ஊசி
மறுநாள் சேலையைத் தின்னும்.
ஆனாலும் வாடகை ஒப்பந்தத்தில்
கடல் கையெழுத்து வைக்கவில்லை.

நஸ்ருல்லா நானாவின் ஹாட்வெயாரில் கேட்டேன்.
"குளோரின் மட்டும் ஊத்திராதீங்க,
கறள் இன்னும் இறுக்கிப் புடிக்கும்."
வெள்ளைத் தூள் ஒரு பைக்கற் எடுத்துக் காட்டினார்.
கையுறை போட வேணும், பிள்ளை கிட்ட வரக்கூடாது.
பிறகு விலையைச் சொன்னார்.
நான் சந்தைக்குப் போய்
அரைக் கிலோ தேசிக்காய் வாங்கினேன்.

முதலில் குளியலறைத் தட்டு.
அவருடைய ஷேவிங் நுரை டின் நின்ற இடம்,
ஒரு தேநீர்க் கோப்பையின் வாயளவு.
ஆள் தோஹா போய்ப் பதினாலு மாதம்.
பற்பசை பூசிப் பழைய பிரஷால் தேய்த்தேன்.
ஐந்து நிமிடம்.
இவ்வளவு சுலபமாய்ப்
போயிருக்க வேண்டாம்.

பிறகு அபிஷாவின் பள்ளிக்கூடச் சட்டை.
பல்கனி கிறிலில் காயப்போட்டதில்
தோளில் இரண்டு கோடு,
பொலிசில் பதவி உயர்வு கிடைத்தது போல.
தேசிப்புளி, உப்பு, பத்து மணி வெயில்.
"அம்மா, சட்டைக்கு ஊறுகாய் போடுறீங்களா?"
ஒரு கோடு போயிற்று.
மற்றது மஞ்சளாய் நின்றது.
பரவாயில்லை, பின்னல் மறைக்கும்.

கடைசியாய்க் குசினி.
காஸ் சிலிண்டரின் வட்டம்.
அந்த வருடம் அதைக் காலி வீதியில்
காலியாய் உருட்டிக்கொண்டு போனோம்.
முன்னாலும் பின்னாலும் சங்கிலி கோத்து
சோக்கால் 212 என்று எழுதிவிட்டார்கள்.
இரண்டு இரவு மழை.
காஸ் வரவில்லை. அடியில் ஈரம் வந்தது.
திருப்பிக் கொண்டுவந்து இந்த மூலையில் வைத்துவிட்டு
மின்சார அடுப்பில் கஞ்சி வைத்தேன்,
மின்சாரம் இருந்த நேரத்தில்.

உப்பைக் குவித்துப் புளி பிழிந்து
ஈரத்துணி போட்டு மூடி இரவெல்லாம் விட்டேன்.
விடியத் தும்பால் தேய்க்கத் தேய்க்க
வட்டம் வெளிறியது, அங்கங்கே அறுந்தது,
அதற்குக் கீழே
இன்னொரு வட்டம்.
இரண்டு விரல் இடப்பக்கம் தள்ளி.
அளவும் சிறிது.
எங்களுக்கு முன் இருந்தவர்களுடையது.

முழங்காலில் இருந்தபடியே சிரித்தேன்.
வீடு பார்க்க வந்த அன்று
நான் தரையைப் பார்க்கவில்லை.
ஜன்னலால் தெரிந்த கடலைத்தான் பார்த்தேன்.
மிஸிஸ் டேவிட்பிள்ளையும்
அதைத்தான் காட்டிக்கொண்டு நின்றார்.

எங்களுடையதை ஒரு பொட்டு விடாமல் எடுத்தேன்.
அவர்களுடையதைத் தொடவில்லை.

பத்தரைக்கு வந்தார்.
செருப்பு நுனியால் தட்டி, "இது?"
நான் சிலிண்டரை உருட்டி வந்து
வட்டத்தின் மேல் நிறுத்தினேன்.
சுற்றிவர வெளியே பிதுங்கி நின்றது,
வேறு யாரோவின் கதிரையில் இருந்த ஆள் போல.

அவர் குனிந்து பார்த்தார்.
நெடுநேரம் பார்த்தார்.
கீழே மருதானைக் கோச்சி போய் முடிந்தது.
கைப்பை திறக்கவில்லை.
"சரியான வெக்கை. குடிக்க ஏதும் தாங்கோ, பிள்ளை."

மிஞ்சிய தேசிக்காயில் ஒன்றை வெட்டினேன்.
பிழியும்போதுதான் தெரிந்தது
விரல்களில் எத்தனை கீறல் என்று.