ஒண்டுவிட்ட புதன்

மின்சார சபையில் மீற்றர் வாசிக்கிறவன் நான்.
கொக்குவிலில் எந்தப் படலைக்குள் எந்த நாய்,
எது குரைக்கும், எது சத்தமில்லாமல் வந்து கவ்வும்,
எல்லாம் தெரியும்.
என் வீட்டில் ஒரு பிள்ளை
தன் புருவத்தை ஒவ்வொரு மயிராய்ப் பிடுங்குவது
தெரிய மூன்று மாதம் சென்றது.

கணக்குக் கொப்பியின் நடுத்தாளில்
சின்னச் சின்னக் கோடுகள்.
பென்சில் என்று நினைத்து ஊதினேன்.
பறந்தன.

தவமலர் மைப்பென்சிலால் புருவம் கீறிப்
பள்ளிக்கூடம் அனுப்பினாள்.
சித்திரை வெயில்.
இரண்டாம் பாடத்துக்கு முன்னமே
புருவம் கன்னத்துக்கு இறங்கிவிடும்.

பிறகு தேடத் தொடங்கினோம்.
காய்ச்சல் என்றால் றோட்டில் நின்று கேட்கலாம்.
இதற்குக் குரலைப் பதிக்கவேணும்.
"தெரிஞ்ச ஒராளின்ர மகளுக்கு" என்று தொடங்கவேணும்.
பாமசிக்காரன் அந்த ஒராளை
என் முகத்திலேயே கண்டுவிட்டான்.
மச்சாள் போனில் சொன்னாள்:
"உதுகளை வெளியில கதையாதேங்கோ,
நாளைக்கு ஒரு கலியாணம் காட்சி எண்டு வரேக்க..."
பிள்ளைக்குப் பதினாலு வயது.

பெரியாஸ்பத்திரி கிளினிக், செவ்வாய் மட்டும்.
எங்கள் துண்டு எழுபத்தெட்டு.
எதிர் வாங்கில் என் றூட்டில் உள்ள ஒரு வீட்டுக்காரர்,
யூனிற் கூடிப்போச்சென்று போன மாதம் சண்டை பிடித்தவர்.
பக்கத்தில் தலைகுனிந்தபடி ஒரு பெடியன்.
நானும் அவரும் சுவரில் இருந்த
டெங்கு நுளம்பின் படத்தைக்
கவனமாகப் பார்த்தோம்.

டொக்டர் நல்ல மனிசன். களைத்திருந்தார்.
நாலு நிமிடம், ஒரு குளிசை.
"இவவுக்குக் கதைக்க ஒராள் வேணும்."
"ஆர்?" என்றேன்.
பேனை மூடியைக் கழற்றினார், போட்டார்,
திரும்பவும் கழற்றினார்.

இன்னொருவர் ரியூசன் கொட்டிலுக்குப் பக்கத்தில்
பெரிய போட் போட்டிருந்தார்.
மூவாயிரம் ரூபாய்.
ஒரு மணித்தியாலம் அவரே கதைத்தார்:
தான் குப்பிவிளக்கில் படித்தது,
செல்லடிக்குள் சோதினை எழுதியது,
இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு என்ன குறை,
போன், போன், போன்.
யதுர்சிகா எல்லாவற்றுக்கும் தலையாட்டினாள்.

மோட்டச்சைக்கிள் கண்ணாடியை
அப்போது அவள் பக்கம்தான் திருப்பி வைத்திருந்தேன்.
ஹெல்மெற்றுக்குள் விரலை விட்டு
இமையைத் தேடிக்கொண்டு வந்தாள்.

அன்றிரவு தவமலர்
பைப்பை முழுக்கத் திறந்துவிட்டு,
சத்தத்தில் பிள்ளைக்குக் கேளாதென்று, கேட்டாள்:
"நாங்கள் என்ன பிழை விட்டனாங்கள்?"
தண்ணீர் ஓடிக்கொண்டே இருந்தது.
பூட்ட ஒருவருக்கும் தோன்றவில்லை.

அடுத்த மாதம் அந்த யூனிற்காரர் வீடு.
நாயின் கழுத்துப் பட்டியைப் பிடித்தபடி,
என்னைப் பாராமல், நாய்க்குச் சொல்வதுபோலச் சொன்னார்:
"குருநகரில ஒரு மிஸ் இருக்கிறா. அன்ரனெற்.
மகனை அங்கதான் இப்ப.
அவ கனக்கக் கதைக்க மாட்டா."
பில்லின் பின்பக்கத்தில் நம்பர் எழுதித் தந்தார்.
யூனிற் அந்த மாதமும் கூடத்தான்.
ஒன்றும் சொல்லவில்லை.

மூன்று கிழமை காத்திருந்து போனோம்.
உப்புக்காற்றில் துருவேறிய கேற்.
அறைக்குள் இரண்டு கதிரை,
நேருக்கு நேர் அல்ல, இரண்டும் யன்னலைப் பார்த்து.
என்னை வெளியில் இருக்கச் சொன்னா.
ஐஸ் லொறி ஒன்று பின்னுக்கு எடுத்தது, முன்னுக்கு எடுத்தது.
ஐம்பது நிமிடம் உள்ளே ஒரு சத்தமும் இல்லை.
காசு வீண் என்று நினைத்தேன்.
நினைத்ததுதான், ஏன் மறைப்பான்.

வரும்வழியில் சிக்னலில் நின்றபோது
முதுகுக்குப் பின்னாலிருந்து:
"அப்பா, அவ முதல் கேட்டது
இஞ்ச வர எனக்கு விருப்பமோ எண்டு."
"என்ன சொன்னனீ?"
"இல்லை எண்டு."
"பிறகு?"
"அப்ப சும்மா இருப்பம் எண்டா. இருந்தனாங்கள்."

எத்தனை கதவு தட்டினேன்.
இந்த ஒன்றை
நான் கேட்டதே இல்லை.

பச்சை விழுந்தது. பின்னால் மினிபஸ் கோன் அடித்தது.
"அப்ப அடுத்த புதன்..." என்று இழுத்தேன்.
"ஒண்டுவிட்ட புதன்," திருத்தினாள், "மூண்டரைக்கு."

கையை நீட்டிக்
கண்ணாடியை றோட்டுக்குத் திருப்பினேன்.