ஐஸ் கட்டியின் நடுவெள்ளை

கறண்ட் நின்ற தை இரவு.
ஐஸ் கொம்பனியில் எனக்கு வேலையில்லை.
பண்ணை தாண்டி மண்டைதீவுப் பக்கம்
மோட்டார் சைக்கிளை நிறுத்தி
முக்காலியை விரித்தேன்.

தெற்கே உலை என்றொரு விண்மீன் கூட்டம்.
பேர்தான் உலை. அடுப்புமில்லை, அரிசியுமில்லை,
மங்கலாய் இரண்டு மூன்று புள்ளி.
அங்கேதான் அந்தச் சுருள்.
நேரே பார்த்தால் இல்லை,
கடைக்கண்ணுக்கு உண்டு.

படத்தில் இரு கை வீசிச் சுழல்கிறது.
என் குழாயிலோ
ஐஸ் கட்டியின் நடுவில் வெளியேற வழியற்று
உறைந்த மூச்சு,
அவ்வளவுதான்.

டோர்ச் அடித்தது. பழகியிருந்த இருட்டெல்லாம் போச்சு.
நேவிப் பொடியன். முக்காலியையும் குழாயையும் பார்த்துத்
தள்ளியே நின்றான்.
கைகளைத் தூக்கிய பிறகுதான் நினைவு வந்தது,
அதெல்லாம் முடிந்து பதினைந்து வருசம்.

"என்ன இது?"
"தூரத்தில ஒண்டு."
"எவ்வளவு தூரம்?"
ஐந்து கோடி ஒளியாண்டு என்று சொல்ல
எனக்குச் சிங்களம் போதாது.
"கொழும்பைவிட" என்றேன்.

தொப்பி இடித்தது. கழற்றிவிட்டுக் குனிந்தான்.
"மொக்குத் நே."
ஓம், ஒண்டும் இல்லைத்தான்.
கடைக்கண் என்பதற்கும் சொல் தெரியாமல்
என் கண் ஓரத்தை விரலால் இழுத்துக் காட்டினேன்.
திரும்பவும் குனிந்தான்.

அப்போது குருநகர்க் கரை முழுக்க வெளிச்சம் வந்தது.
ஃபோனில் யேசுரட்ணம்:
"மெசின் ஓடுது, எங்க நிக்கிறாய்?"

குழாயை மடிக்க வேண்டும்.
அவன் இன்னும் நிமிரவில்லை.