காற்று: ஆறு

எங்கள் படிவத்தில் அப்படித்தான் இருக்கும்:
கூடாரம் ஒன்று. மேற்கூரை ஒன்று.
கழிகள் மூன்று. முளைகள் பன்னிரண்டு.
காற்று ஆறு.

முதன்முறை வாசிப்பவர்கள் சிரிப்பார்கள்.
கூடாரத்தைத் திசைக்கொரு பக்கமாய் இழுத்துக் கட்டும் கயிற்றுக்கு
எங்கள் ஸ்பானிஷில் வியெந்தோ என்று பெயர். காற்று.
எதை எதிர்த்துக் கட்டுகிறோமோ
அதன் பெயரையே கயிற்றுக்கு வைத்த புண்ணியவான்
இந்த புவேர்த்தோ நத்தாலெஸில்தான் பிறந்திருப்பான் என்பேன்.
தலையாட்டிவிட்டுப் பணம் கட்டுவார்கள்.

மேற்கூரையின் ஓரத்தில் ஒரு சீட்டு தைத்திருக்கும்:
நீர்த்தூண் மூவாயிரம் மில்லிமீட்டர்.
அதாவது இந்தத் துணியின் மேல்
மூன்று மீட்டர் உயரத்துக்குத் தண்ணீரை நிமிர்த்தி நிறுத்தினாலும்
ஒரு சொட்டு கீழே இறங்காதாம்.
எந்த ஊரில் தண்ணீர் அப்படி அடங்கி நிற்கிறதோ.
இங்கே மழை படுத்துக்கொண்டு வரும்,
சில நாள் கீழிருந்து மேலே.

திரும்பி வருபவற்றைக் கொட்டகையில் விரித்து
மோந்து பார்ப்பது என் வேலை.
பூச்சு செத்த துணி
குழந்தை கக்கிய பால்போல் நாறும்.
தையலை விளக்குக்கு நேரே பிடிப்பேன்.
ஊசி போன வழியில்தான் தண்ணீரும் போகும்,
வேறு வழி அதற்குத் தெரியாது.
வெளிச்சம் கசியும் இடத்தில் பசை.

மார்ச் கடைசியில் பதினேழாம் எண் திரும்பியது.
உதடு வெடித்த பெல்ஜியத்துப் பையன்.
கழி மூன்று. முளை ஏழு. காற்று இரண்டு.
மேற்கூரை?
கையை உயர்த்தி விரல்களைப் பிரித்துக் காட்டினான்.
மிச்சம் நாலு காற்றையும் காற்றே கொண்டுபோயிற்றா என்றேன்.
அவனுக்குப் புரியவில்லை.
முன்பணம் எண்பதாயிரம் பெசோவைப் பிடித்துக்கொண்டேன். விதி.

மே மாதம்
ஆட்டுப்பண்ணைக் காவலாள் ஃப்ளோரிடோர் பாரியா
மத்தே தழை வாங்க ஊருக்கு வந்தவன்
கடை வாசலிலேயே நின்று சொன்னான்:
உங்கள் ஆரஞ்சு ஒன்று என்னிடம் இருக்கிறது.
வேலியில் மாட்டி அடித்துக்கொண்டு கிடந்தது,
அடிபட்ட பறவை என்று நினைத்தேன்.

அறுபது கிலோமீட்டர் சரளைச் சாலை.
அவன் சமையலறைக்கு மேலே இருந்தது.
அதே இரவில் அவன் தகரமும் பறந்திருக்கிறது.
ஒரு காற்றை வேலிக்காலில் கட்டியிருந்தான்,
ஒன்றைக் குனிந்த லெங்கா மரத்தில்,
ஒன்றை ஓடாத லாரியின் அச்சில்,
ஒன்றை ஒரு கல்லில்.
போதாத இரண்டு பக்கமும் துருக்கம்பி.

மழை பிடித்துக்கொண்டது. உள்ளே உட்கார்ந்தோம்.
அவன் முகம், கெட்டில், நாய், எல்லாம் ஆரஞ்சு.
அண்ணாந்து பார்த்தேன்:
நான் வைத்த பசை, கொஞ்சம் கோணலாக,
தையல் நெடுக. சொட்டில்லை.
நீர்த்தூண் மூவாயிரம் என்றேன்.
அப்படியென்றால்?
நனையாது என்று அர்த்தம்.
அதுதான் தெரிகிறதே என்றான்.

துணியைச் சுருட்டிக் கட்டிவர எடுத்துப்போன
இரண்டு காற்றும் என் பையில் இருந்தன.
கம்பி ஜூலைக்குள் கண்ணியை அறுத்துவிடும்.
மழையோடு வெளியே போய்
கம்பியை அவிழ்த்துவிட்டு அவற்றைக் கட்டினேன்.
முடிச்சு அவனுக்குப் பிடிக்கவில்லை.
மறுபடி அவனே கட்டினான்.

படிவத்தில் பதினேழாம் வரியில்
தொலைந்தது என்பதை அடித்துவிட்டு
காற்று ஆறு, சரி, என்று எழுதினேன்.
தொலையாத பொருளுக்கு முன்பணம் பிடிக்க முடியாது.

ஆனால் அந்தப் பையன்
ஈரக்கையோடு முகவரி எழுதியிருக்கிறான்.
மை பரந்து நீலக் குட்டையாகிவிட்டது,
தெருப்பெயரின் வால் மட்டும் கரையில்.
உறையை ஒட்டி வைத்திருக்கிறேன்.
இழுப்பறையைத் திறக்கும்போதெல்லாம்
கைக்கு அது முதலில் வருகிறது.