தூண் மறைக்கும் இருக்கை

சந்திரவிலாஸ் டாக்கீஸைப் பற்றி
என் ஆய்வேட்டில் பன்னிரண்டு பக்கம்.
பதினொன்றைக் கருப்பூரில் வழிகாட்டி ஏற்றுக்கொண்டார்.
மீதி ஒரு பக்கம்
அந்தத் தூண்.

லீ பஜார் மண்டிக்காரர் தாண்டவராயர்
முப்பத்தொன்றில் நாடகக் கொட்டகையாய் எழுப்பியது.
தகரக் கூரையைத் தாங்க
ரயில்வே ஏலத்தில் எடுத்த இரும்புத் தூண்,
சபைக்கு நட்டநடுவில்.
பபூன் மேடையிலிருந்து இறங்கிவந்து
அதைக் கட்டிக்கொண்டு அழுவானாம்,
விசில் பறக்குமாம்.

சினிமா வந்தது.
தூணை எடுத்தால் பால்கனி இறங்கிவிடும் என்றார் மேஸ்திரி.
எடுக்கவில்லை.
எஃப் வரிசை பதினான்காம் நாற்காலிக்குத்
திரையில் பாதிதான்.
கதாநாயகி இடப்பக்கம் நின்றால் உண்டு,
வலப்பக்கம் போனால் குரல் மட்டும்.

அதற்குப் பாதி டிக்கெட் என்றார் தாண்டவராயர்.
பாதி டிக்கெட்டுக்கு முழு வரியா, பாதி வரியா?
கலெக்டர் ஆபீசுக்கும் கொட்டகைக்கும்
ஆறு வருடம் கடிதம் நடந்திருக்கிறது.
நாற்பத்தேழு ஆகஸ்ட் பதினெட்டாம் தேதிக் கடிதத்திலும்
அதே கேள்விதான்;
முத்திரையில் கிரீடத்தின் மேல் மட்டும்
பேனாவால் ஒரு கோடு.

யார் உட்கார்ந்தார்கள் என்று கோப்பில் இல்லை.
கேட்டுத் திரிந்தேன்.
மேக்னசைட்டில் இரவு ஷிப்ட் முடித்த மரிய அந்தோணி
மேட்னிக்கு வந்து தூங்குவார்,
முகத்தில் வெளிச்சம் விழாத ஒரே இடம்.
அறுபத்தைந்தில் போலீஸ்
டார்ச் அடித்து வரிசை வரிசையாய்த் தேடியபோது
ஆர்ட்ஸ் காலேஜ் பையன் ஒருவன்
நின்றபடியே படம் பார்த்தான்,
தூணின் அகலத்துக்குள்.
குகை திலகவதி சொன்னார்:
"பொண்ணு பார்க்க வந்தவரு பக்கத்து சீட்டு.
படம் தெரியல, அவரைப் பார்த்தேன்.
புடிக்கல.
இடைவேளையிலயே சொல்லிட்டேன்."

எல்லாம் வாய்மொழி,
அடிக்குறிப்பில் போட்டால் போதும் என்றார் வழிகாட்டி.
அடிக்குறிப்புக்கும் ஆதாரம் வேண்டும் என்றார்.

இப்போது அங்கே ஜவுளிக்கடை.
மேலே மூன்று மாடிக்குப் பட்டு,
கீழே பார்க்கிங்.
மஞ்சளும் கறுப்புமாய்ப் பட்டை அடித்துக்கொண்டு
நிற்கிறது தூண்.
இந்த முறையும் எவரோ
எடுக்க வேண்டாம் என்றிருக்கிறார்.
வெள்ளைக் கார் ஒன்றின் பெயிண்ட்
இடுப்பு உயரத்தில் ஒட்டியிருக்கிறது.

ஓரத்தில் மிச்சமிருந்த சந்தைக் காட்டினேன்.
"காரு நிக்காதுங்க, கதவு தொறக்க வராது.
ஸ்கூட்டின்னா போடுங்க,
பாதிக் காசு குடுத்தாப் போதும்" என்றார் வாட்ச்மேன்.

ரசீது கேட்டேன்.
தலையைச் சொறிந்தார்.